நடப்பதற்கு ஓர் இடம்

நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியை முடித்து வீடு திரும்புவோரிடம் நாங்கள் தவறாமல் கூறுவது, நாள்தோறும் நடக்க வேண்டும் என்பதே. மூச்சு வாங்கும் என்ற அச்சத்தால் நடப்பதை நிறுத்தினால் கால் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசைகள் சிறு வேலைக்கே களைத்துப்போகின்றன. மூச்சு இன்னும் விரைவில் வாங்குகிறது. இந்தச் சுழலிலிருந்து மீள மருந்து மட்டும் போதாது. இவ்வளவையும் விளக்கி அனுப்பிய ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர், மூன்று மாதம் கழித்து முன்னினும் தளர்ந்து வந்தார். அவர் நடக்கவே இல்லை. “எங்கே நடக்கச் சொல்கிறீர்கள், டாக்டர்? வாசலில் இறங்கினால் லாரி, அதைத் தாண்டினால் சாக்கடை, அதற்கப்பால் முள்காடு” என்றார் உடன் வந்த மகள். எங்களிடம் விடை இருக்கவில்லை.

அந்த முள்காடு எங்களுக்குக் குருகிராமை நினைவூட்டியது. டில்லியை ஒட்டிய அந்நகரில், ஆரவல்லி மலைத்தொடரின் ஓரத்தில், ஏறத்தாழ 380 ஏக்கர் நிலம் பல்லாண்டுகள் கல்லுக்கும் மணலுக்குமாகத் தோண்டப்பட்டது. சுரங்கங்கள் மூடப்பட்டபின் எஞ்சியவை பள்ளங்களும், நம் ஊரில் நன்கறிந்த சீமைக்கருவேலமுமே. 2010-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் நாளன்று அவ்விடம் பல்லுயிர்ப் பூங்காவாகத் தொடங்கப்பட்டது. மாநகராட்சியோடு கைகோத்தவர்கள் ‘ஐ ஆம் குர்கான்’ என்ற குடிமக்கள் குழுவினர். பள்ளி மாணவர்களும், அடுக்ககங்களில் குடியிருப்போரும், அலுவலக ஊழியர்களும் மழைக்காலங்களில் வந்து குழி தோண்டி மரக்கன்று நட்டனர்.

எங்களுள் டில்லியில் பயின்ற சிலர் அங்கு நடந்திருக்கிறோம். அப்போது எங்களைக் கவர்ந்தது மரங்களின் எண்ணிக்கை அன்று. எந்த மரம் என்பதில் அவர்கள் காட்டிய பிடிவாதமே. கிடைத்த கன்றை நட்டுப் படமெடுத்துக்கொண்டு போகும் மரநடு விழாக்களை நாம் நிறையப் பார்த்தாயிற்று. இங்கோ, சூழலியலாளர் விஜய் தஸ்மானாவின் வழிகாட்டுதலில், ஆரவல்லியில் மிஞ்சியிருந்த இயற்கைக் காடுகளுக்குச் சென்று விதை திரட்டினர். நம் வெக்காலிக்கு உறவான தௌ மரம், சாம்பிராணி போன்ற பிசின் தரும் சலாய், புரசு, நீர்க்கடம்பு என மண்ணுக்குரியவற்றைத் தம் நாற்றங்காலிலேயே வளர்த்தனர். அருகிலுள்ள மங்கர் பனி, நம் ஊர்க் கோயில்காடுகளைப் போல மக்கள் வெட்டாமல் காத்த காடு. இந்நிலத்தில் இயல்பாக எது வளரும் என்பதற்கு அதுவே சான்றாக நின்றது. மரங்களுக்கிடையே நடைபாதைகள் உருவாயின. இன்று அங்கு 150-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. பின்னர் பூங்காவின் ஊடே நெடுஞ்சாலை அமைக்கும் திட்டம் வந்தபோது, கன்று நட்ட குடும்பங்களே பிள்ளைகளோடு திரண்டு எதிர்த்தன; திட்டம் கைவிடப்பட்டது. 2022 பிப்ரவரியில், பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளுக்கு வெளியே பல்லுயிர் காக்கும் இடங்களுக்கான தகுதியை இந்தியாவில் முதலில் பெற்றது அந்நிலமே.

இவ்வாறு கூறுவதால், மரம் நட்டால் டில்லியின் காற்று தூய்மையாகிவிடும் என்று நாங்கள் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். வாகனப் புகையையும் தூசியையும் ஒரு தோப்பு விழுங்கிவிடாது. குளிர்கால விடியற்காலையில் மாசு தரையை ஒட்டியே தங்குவதால், அந்நேரத்தில் பூங்காவிலும் நடக்க வேண்டாம் என்றே அறிவுறுத்துவோம். போகியன்று இங்கும் அப்படித்தான். ஆனால் வண்டி மோதாத, நிழலுள்ள பாதை இருந்தால் மனிதர் வெளியே வருவர். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

உங்கள் பகுதியிலும் பள்ளியின் பசுமைப் படை மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் ஏரிக்கரையையோ புறம்போக்கையோ சீரமைக்க முன்வரலாம். நிலம் எவருடையது என்று அறிந்து உரிய அனுமதி பெறுவது அவர்கள் பொறுப்பு; உடல்நலம் பற்றிச் சில செய்திகளை நாங்கள் சொல்லியாக வேண்டும். சீமைக்கருவேலத்தின் மகரந்தம் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டக்கூடியது. அதை அகற்றுவது நல்லதே. எனினும், வெட்டினால் மட்டும் போதாது, அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும். எடுத்ததை அங்கேயே கொளுத்துவது பெருந்தவறு. அந்தப் புகை தெருக்கோடியில் படுத்திருக்கும் நோயாளியின் அறைக்குள் வரும்.

மழைக்காலச் சேற்று மண்ணில் மெலியாய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும் பாக்டீரியா இருக்கக்கூடும். அது சிறு புண் வழியாக நுழைந்து கடும் நிமோனியாவாக வெளிப்படலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கே பேராபத்து. ஆகவே சர்க்கரை நோயாளிகளும் சிறுநீரக நோயாளிகளும் கையுறையும் முழங்கால்வரை உயர்ந்த ரப்பர் காலணியும் இன்றி மண்ணில் இறங்க வேண்டாம். காலில் புண் இருப்பின் அது ஆறும்வரை இறங்கவே வேண்டாம். மண்வேலைக்குப்பின் காய்ச்சல் நீடித்தால், மண்ணில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். நாங்களாகக் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள். மட்கிய உரத்தைக் கிளறும்போது எழும் பூஞ்சைத் துகள்களால் துன்பம் நேரலாம் என்பதால், நுரையீரல் நோயாளிகளும் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோரும் அவ்வேலையைப் பிறருக்கு விட்டுவிடலாம். விதைகளைத் தரம் பிரித்தல், கன்றுகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுதல், பறவைக் கணக்கெடுத்தல் ஆகியவை மூச்சு வாங்காத பணிகள். பெரியவர்கள் அறிந்த மரப்பெயர்கள் மாணவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல நாற்காலியில் அமர்ந்தால் போதும்.

பாதை அமைப்போரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அழகிய வளைவும் நுழைவாயிலும் பிறகு வரலாம். முதலில் உட்காரும் மேடைகள் வேண்டும். எவ்வளவு தொலைவுக்கு ஒன்று? அதற்கு எங்களிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. பயிற்சியின் இறுதியில் நாங்கள் செய்யும் ஆறு நிமிட நடைச் சோதனையில் எத்தனை மீட்டர் நடந்தீர்கள், இடையில் எங்கே நின்றீர்கள் என்பது உங்கள் விடுவிப்புச் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். அதைப் பள்ளி ஆசிரியரிடம் காட்டுங்கள். நடத்துநர் அறுபது மீட்டருக்கு ஒருமுறை நின்றவர். அவருடைய சீட்டில் அந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மகளின் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறோம்.