பாரதி பாட்டை வாங்கிய ரெக்கார்டு வியாபாரி

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது அரவேணு. அங்கே பள்ளிக்கூட விழாவில் ஒரு சிறுமி பாரதியார் பாட்டைப் பாடலாம். அதை ரெக்கார்டு செய்து விற்கவும் செய்யலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

1948-ல் அப்படி இல்லை! பாரதியார் பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமை ஒரே ஒருவர் கையில் இருந்தது. அவர்தான் ஏவி.எம். என்று ஊரறிந்த மெய்யப்பச் செட்டியார்.

சினிமாவுக்கு வருமுன் அவருடைய தொழில் இசைத்தட்டு. காரைக்குடியில் தகப்பனார் கடையில் கிராமபோன் ரெக்கார்டும் விற்றார்கள். அந்த அனுபவத்தோடு சென்னைக்கு வந்தார். 1932-ல் கூட்டாளிகளுடன் சேர்ந்து 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' தொடங்கினார். ஜெர்மனியின் 'ஓடியன்' கம்பெனிக்காகத் தமிழ்ப் பாட்டுகளைப் பதிவு செய்து விற்பது வேலை.

இருமினால் நஷ்டம்

அந்நாளில் டேப் கிடையாது. வித்வான் பாடப் பாட, மெழுகுத் தட்டில் ஊசி கோடு கிழிக்கும். நடுவில் ஓர் இருமல் வந்தால் தட்டு வீண். மறுபடியும் முதலிலிருந்து பாட வேண்டும்! ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பாட்டு அடங்கும். கச்சேரியில் அரை மணி விஸ்தாரமாகப் பாடுகிறவரும் அதற்குள் முடித்தாக வேண்டும். நாடகம் என்றால் பல தட்டுகளில் பிரித்துப் பதிந்து, 'செட்' ஆக விற்பார்கள்.

எதிரே 'எச்.எம்.வி.' போன்ற பெரிய கம்பெனி. பணத்தில் அதோடு மோத முடியுமா? சிறிய கம்பெனிக்கு நல்ல பாட்டுதான் முதல்.

பாரதியார் காலமானது 1921-ல். அவர் பாட்டுகளின் இசைத்தட்டு உரிமை பிறகு ஜேசிங்லால் மேத்தா என்ற வியாபாரிக்குப் போயிற்று. அவரிடமிருந்து செட்டியார் விலைக்கு வாங்கினார். 1947-ல் வந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாள் குரலில் பாரதி பாட்டுகள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன.

வந்தது வழக்கு

மறு ஆண்டு, டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டு இடம் பெற்றது. "உரிமை என்னுடையது" என்றார் செட்டியார். விஷயம் கோர்ட்டு வரை போயிற்று.

நாட்டுக்குப் பாடிய கவிஞரின் பாட்டு ஒருவர் சொத்தா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். நாரண துரைக்கண்ணன் முதலானோர் 'பாரதி விடுதலைக் கழகம்' அமைத்தனர். செட்டியார் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் திருடவில்லை, காசு கொடுத்து வாங்கியிருந்தார்.

1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சர்க்கார் பாரதி நூல்களின் உரிமையை ஏற்றது. கவிஞரின் மனைவி செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலைக்கு ரூ.5,000 கொடுத்தது. இசைத்தட்டு உரிமைக்கு என்ன விலை கேட்பாரோ என்று இருந்த செட்டியார், ஒரு பைசாவும் வாங்காமல் எழுதிக் கொடுத்துவிட்டார்.

1955-ல் சர்க்கார் அந்த உரிமைகளைப் பொதுமக்களுக்கே விட்டது.