வளர்ந்து தேய்ந்த கடை

காரைநகர் மக்கள் வாணிகத்திற் பெயர்பெற்றவர்கள். தென்னிலங்கையில் நம்மவர் கடைகள் பல 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தில் எரிந்தன. கலவரமின்றியும் கடைகள் அழிவதுண்டு; அமெரிக்கக் கடையொன்றின் வரலாற்றை நோக்குவோம்.

கொலம்பசு நகரில் லெஸ்லி வெக்ஸ்னர் என்பவர் பெற்றோரின் துணிக்கடையிற் பணியாற்றினார். விரைவில் விலைபோகும் சிலவகை ஆடைகளை மட்டும் விற்றலே ஆதாயமென அவர் கணக்கிட்டார், தந்தையார் உடன்பட்டிலர். உறவினரான அம்மையார் ஒருவரிடம் 5,000 டொலர் கடன்பெற்று, 1963 இல் ‘லிமிட்டெட்’ என்னும் மகளிர் ஆடைக்கடையைத் திறந்தார். வகைகளை வரையறுத்தமையே அப்பெயரின் காரணம். பேரங்காடிகள் பெருக, அதன் கிளைகளும் பெருகின.

பின்னாளில் மகளிர் இணையத்தில் ஆடை வாங்கலாயினர்; 2017 சனவரியில் எஞ்சிய 250 கடைகளும் மூடப்பட்டன. வாங்குவோர் மனமறிந்து எழுந்த கடை, அவர் மனம் மாறியபோது நிலைக்கவில்லை. வாணிகத்தில் நேற்றைய அறிவு நாளைக்கு முதலாகாது.