கடலுக்கு முகம் கொடுத்து

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே, நிலாவெளியைத் தாண்டினால் குச்சவெளி. இங்கே ஒரு முகத்தைப் படமெடுக்க மிக மோசமான பொழுது, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நண்பகல். புத்தாடையோடு குடும்பமாகக் கமராவுக்கு முன் நிற்கும் அதே நாட்களில்தான் சூரியன் இவ்வூரின் உச்சிக்கு நேரே வருகிறது. புருவ எலும்பின் நிழல் கண்குழியை மூடிவிடும். வெயிலின் கூச்சத்தில் கண்ணைச் சுற்றியுள்ள தசை இறுகும். மனமாரச் சிரிக்கும்போது அசைவதும் இதே தசைதான் என்று பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862இல் எழுதினார். வெயில் அதைப் பிடித்துக்கொண்டால் சிரிப்புக்கு இடமேது? மகிழ்ச்சியாக நிற்பவர்கூடப் படத்தில் சினந்தவராகத் தெரிவார்.

அந்தி சாய்கையில் நிலைமை மாறுகிறது. கிழக்குக் கரை என்பதால் சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்குகிறது. அப்போது கடலைப் பார்த்து நிற்பவரின் முகத்தில் விழுவது வெயில் அல்ல, கிழக்கு வானம் முழுவதும். நம் கண்ணுக்குச் சூரியன் அரைப் பாகை அகலமே. அதனால் அதன் நிழல் கத்திவெட்டாக விழும். பரந்த வானத்தின் ஒளியோ பல திசைகளிலிருந்து வந்து நிழலின் விளிம்பைக் கரைத்துவிடும். ஈரமணல் கீழிருந்தும் கொஞ்சம் வெளிச்சம் தரும். முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினால் ஒரு கன்னம் ஒளியிலும் மறு கன்னம் மங்கலிலும் நிற்கும். முகத்துக்கு ஆழம் வருவது அங்கேதான்.

ஒரு பக்கத்து ஒளியால் முகங்களைப் பேசவைத்தவர் ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன். 48 வயதில் கமராவைத் தொட்டவர்; 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்தார். தோட்டத் தமிழர்களையும் படமெடுத்தார். அவரது இங்கிலாந்துப் படங்களில் கவிஞர் டெனிசன், விஞ்ஞானி ஹெர்ஷெல் என்று பெயர்கள் உண்டு. இலங்கை முகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரே இல்லை. அது எனக்கு ஆறாத வருத்தம். இன்னொன்றும் உண்டு: படம் பதிக்க அக்காலத்தில் பயன்பட்ட ஈரத்தகடு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணரும். பழுப்புத் தோல் கூடுதலாகத் திருப்பியனுப்புவது சிவப்பை. ஆகவே அந்த முகங்களின் கருமையில் ஒரு பங்கு இரசாயனத்தின் வேலை.

இன்றைய போனுக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. கடலைப் பின்னணியாக்கினால் அந்த வெளிச்சத்துக்கே அது கணக்குப் போட்டு முகத்தை இருட்டாக்கிவிடும். திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டவேண்டும். கடலுக்கு முகம் கொடுத்து நின்றால் அந்தத் தேவையும் குறையும்.

செல்ஃபியில் தூரமும் முக்கியம். ஒன்றரை மீற்றரில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 30 சென்ரிமீற்றரில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. கரையேற்றிய வள்ளத்தின் விளிம்பில் போனைச் சாய்த்து, டைமரை வைத்து, இரண்டு எட்டுப் பின்னால் நில்லுங்கள்.

அப்படி எடுத்த படம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நாம் அறிந்த நம் முகம், கண்ணாடியில் இடம்வலம் மாறித் தெரிவது. 1977இல் நடந்த ஒரு சோதனையில் பெரும்பாலோர் தங்கள் கண்ணாடி முகத்தையே விரும்பினார்கள். அவர்களுடைய நண்பர்கள் விரும்பியதோ இடம்வலம் மாறாத முகத்தை. அழிப்பதற்கு முன் வீட்டில் யாரிடமாவது காட்டிக் கேளுங்கள்.