கூரையிலிருந்து இறங்கும் சூடு

கூரைவழி வெப்பமூட்டல் என்பது, அறையின் உட்கூரையைச் சூடாக்கி, அதிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிர்களால் கீழே உள்ளவர்களுக்குக் கதகதப்பு தரும் முறை. குளிர்நாட்டு வீடுகளில் உட்கூரைக்குள் மின்கம்பியையோ வெந்நீர்க் குழாயையோ பதித்து இதைச் செய்கிறார்கள். சூடான காற்று மேலேயே தங்கிவிடும்; கதிருக்கோ காற்றின் துணை தேவையில்லை. நேராக இறங்கி, தரை, கட்டில், உடல் என எதிர்ப்படுவதை எல்லாம் சூடாக்கும்.

விருத்தாசலத்தில் இதற்குக் கம்பியும் வேண்டாம், குழாயும் வேண்டாம். சித்திரை வெயிலே போதும். கான்கிரீட் மொட்டைமாடியின் மேற்பரப்பு பிற்பகலில் 60 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடும். ஐந்து அங்குலத் தளத்தைக் கடந்து அந்தச் சூடு உட்கூரைக்கு வர ஏறத்தாழ 3 மணி நேரம் பிடிக்கும். வெளியே வெயில் தணிந்த பிறகும் வீட்டுக்குள் அனல் அடிப்பது அதனால்தான். மின்விசிறி கூரையடிக் காற்றைக் கீழே தள்ளுமே தவிர, கதிரைத் தடுக்காது.

தடுக்க வேண்டிய இடம் மாடியின் மேற்பரப்பு. சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்டு, மேலே தட்டோடு பதிப்பது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். அது சூடு இறங்குவதைத் தாமதப்படுத்தும். வெள்ளை மெருகிட்ட பீங்கான் ஓடு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். ஏறிய சூட்டையும் இரவில் வானை நோக்கி எளிதாக உமிழ்ந்துவிடும். முழு ஓடுதான் வேண்டும் என்பதில்லை, உடைந்த வெள்ளைச் சில்லுகளும் போதும். செராமிக் தொழிற்பேட்டை உள்ள விருத்தாசலத்துக்கு இது புதிய பொருளும் அல்ல. புழுதியும் பாசியும் படிந்தால் பலன் குறையும் என்பதால், கோடைக்கு முன் மாடியைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.