கண்ணில் சதை வளர்கிறதா? வெயிலைக் கவனியுங்கள்!

அல்லிநகரம் முதல் கம்பம் வரை, வெயிலில் பல ஆண்டுகள் பாடுபட்ட விவசாயிகள் சிலருக்கு, கண்ணில் மூக்கை ஒட்டிய ஓரத்தில் சிவப்பாகச் சதை வளர்ந்திருக்கும். ‘உடம்புச் சூடு’ என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். மருத்துவர்கள் இதை ‘டெரிஜியம்’ என்கிறார்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்தான் இதற்கு முக்கியக் காரணம். காற்றும் புழுதியும் சேர்ந்தால் இன்னும் மோசமாகும்.

கண்ணுக்கு இயற்கையிலேயே காவல் உண்டு. கருவிழி ஒரு பகுதிக் கதிரைத் தடுக்கிறது. அதன் பின்னால் உள்ள நீரில், ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. அதுவும் கொஞ்சம் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். இவற்றைத் தாண்டி வருவதை லென்ஸ் தாங்குகிறது. ஆண்டுக்கணக்கில் தாங்கித் தாங்கி அதிலுள்ள புரதம் கெட்டு, கலங்கிப் புரையாகிறது. வயது, சர்க்கரை நோய், புகையிலை ஆகியவையும் புரைக்குக் காரணங்கள்.

சதை ஏன் மூக்குப் பக்கமே அதிகம் வளர்கிறது? காதுப் பக்கமிருந்து சாய்வாக வரும் கதிரை, கருவிழியின் வளைவு மூக்குப் பக்க ஓரத்தில் குவித்துவிடுகிறது. உச்சி வெயிலைப் புருவம் ஓரளவு மறைக்கும். காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் வரும் சாய்வு வெயிலை அது மறைக்காது. நடவு வயலில் நிற்கும் தண்ணீரும் கதிரைத் திருப்பி அடிக்கும். அதனால் தலையில் துண்டு கட்டினால் மட்டும் போதாது.

சுற்றிலும் 3 அங்குலம் விளிம்புள்ள தொப்பி, கண்ணுக்கு வரும் கதிரைப் பாதியளவு குறைக்கும். கண்ணாடி வாங்கினால் ‘யூவி 400’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்; பக்கவாட்டையும் மூட வேண்டும். நிறமில்லாத கண்ணாடியானாலும் பரவாயில்லை. இந்தத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி ஆபத்து. இருட்டில் பாப்பா விரிந்து, கதிர் கூடுதலாக உள்ளே போகும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பைக் குறைக்கும். தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் கூடி, பார்வை நரம்பே கெடலாம். இலைச்சாறு, தாய்ப்பால் எதையும் விட வேண்டாம். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையிலோ, க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுங்கள். சிறிய சதை என்றால் கண்காணித்தால் போதும். பாப்பாவை நோக்கி நகர்ந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படும். அகற்றிய பிறகும் திரும்ப வளரக்கூடும் என்பதால், தொப்பியும் கண்ணாடியும் அப்போதும் அவசியம்.