அம்மா நோயாளி, மகள் டாக்டர்

"அம்மா, எந்திரி. ஓடிப் புடிக்கலாம்" என்றாள் மூத்தவள். அப்போது அவளுக்கு இரண்டே முக்கால் வயது. எனக்கு 35-வது வாரம். திருப்பூரில் மே மாத மத்தியானம். மொட்டைமாடிக்கு நேர் கீழே வீடு. ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். நான் கட்டிலை விட்டு எழுவதென்றால் ஒருக்களித்து, கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு, ஒரு மூச்சு வாங்கி, அப்புறம்தான் எழ முடியும். அதற்குள் அவள் கூடத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு, துரத்த ஆளில்லை என்று தெரிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிடுவாள்.

தலைப்பிரசவத்துக்கு எங்கள் பக்கம் கட்டுச்சோறு விருந்து உண்டு. பிறந்த வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு வருவார்கள். வளையல் அடுக்குவார்கள். கையோடு கூட்டிக்கொண்டும் போய்விடுவார்கள். அங்கே போனால் தட்டு இருக்கும் இடத்துக்கே சோறு வரும். இரண்டாவது பிள்ளைக்குப் பெரும்பாலான வீடுகளில் விருந்தும் இல்லை, வளையலும் இல்லை. "அதான் ஒண்ணு பெத்தவதானே" என்று சொல்லிவிடுவார்கள். முதல் தடவை வயிறு மட்டும்தான் இருந்தது. இரண்டாவது தடவை வயிற்றோடு இடுப்பில் ஏறத் துடிக்கும் பன்னிரண்டு கிலோ பிள்ளையும் இருக்கிறது என்பதை ஏனோ யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பார்க்க வந்த என் அம்மா, பேத்தியின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புள்ள சவலையாயிட்டாளாட்ட இருக்குது" என்றார். சவலை என்பது பழைய சொல். தாய் அடுத்ததை உண்டானதும் பால் மறக்கடிக்கப்பட்டு, வாடி, நொய்நொய்யென்று அழும் பிள்ளையைக் குறிப்பது. இதே பார்வை வேறொரு கண்டத்திலும் இருந்திருக்கிறது. இன்றைய கானா அப்போது கோல்ட் கோஸ்ட். அங்கே வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், கால் வீங்கி, தோல் உரிந்து வந்த குழந்தைகளின் நோய்க்கு உள்ளூர்த் தாய்மார்கள் கா மொழியில் வைத்திருந்த பெயரையே எடுத்துக்கொண்டு 1935-ல் லான்செட் இதழில் எழுதினார். அதுதான் குவாஷியார்கர். அடுத்த பிள்ளை வந்ததும் இடம் பறிபோன பிள்ளைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். என் மகளுக்குச் சாப்பாட்டில் குறையில்லை, கன்னமும் வற்றவில்லை. ஆனால் இடம் பறிபோகிறது என்ற சந்தேகம் அவளுக்கு வந்துவிட்டிருந்தது.

என் மீதே எனக்கும் கோபம். நல்ல அம்மா என்றால் பூங்காவுக்குக் கூட்டிப் போவாள், கூடவே குதிப்பாள் என்று எங்கிருந்தோ மண்டையில் ஏறியிருந்தது. அப்போதுதான் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கண்ணில் பட்டது. ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 180 நிமிடமாவது உடல் அசைவு வேண்டும் என்றிருந்தது. மூன்று மணி நேரம்! படித்ததும் இடுப்பு இன்னும் வலித்தது. மறுபடி நிதானமாகப் படித்தேன். பிள்ளை அசைய வேண்டும் என்றுதான் போட்டிருந்தது. அம்மா அசைய வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

அந்த ஒரு வரியில்தான் எனக்கு வழி கிடைத்தது. அம்மா ஓரிடத்தில் இருக்கட்டும், பிள்ளை சுற்றி வரட்டும். அதிலும் படுத்துக் கிடப்பதே அம்மாவின் வேடமாக இருந்தால், "எந்திரி" என்ற பேச்சே வராது.

முதல் கண்டுபிடிப்பு டாக்டர் விளையாட்டு. நான் நோயாளி, அவள் டாக்டரம்மா. நான் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வேன். கடைசி மூன்று மாதத்தில் மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை கீழிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளத்தை அழுத்தும், தலை சுற்றும். அதனால் பக்கவாட்டில் படுக்கச் சொல்வார்கள். டாக்டரம்மா காதில் ஒரு கயிற்றை மாட்டிக்கொண்டு வருவாள். ஊசி போடுவாள். "நாளைக்கு வாங்க" என்பாள். மருந்துக் கடை சமையலறை மூலையில். ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு தடவை ஓடி, டப்பா மூடியோ ஸ்பூனோ எடுத்து வர வேண்டும். "டாக்டரம்மா, கால் வலிக்குதுங்க" என்று நான் சொன்னால் சின்னக் கையால் தைலம் தடவுவது போல நீவி விடுவாள். வலி போனதா என்று கேட்காதீர்கள். ஆனால் நாற்பது நிமிடம் போனது. ஒரு நாள் என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மிகுந்த பொறுப்போடு, "உள்ள ஒரு பாப்பா மாட்டிக்கிச்சு" என்றாள்.

இன்னொன்று முதுகுச் சாலை. வீட்டுக்காரரின் பழைய வெள்ளை பனியனின் முதுகுப் பக்கம் மார்க்கர் பேனாவால் ரோடு வரைந்தேன். அவினாசி ரோடு, பல்லடம் ரோடு, நடுவில் பழைய பஸ் ஸ்டாண்டு. அதைப் போட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தால், அவள் பொம்மைக் காரை என் முதுகில் ஓட்டுவாள். பிரசவத்துக்காக உடம்பு சுரக்கும் ரிலாக்ஸின் மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்களைத் தளர்த்துகிறது. வயிறு முன்னால் இழுக்க, இடுப்பு பின்னால் வளைகிறது. அந்த இடத்தில் சின்னச் சக்கரம் உருண்டால் என்ன சுகம் என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல முடியும். பல்லடம் ரோட்டில்தான் எனக்கு வலி அதிகம். அங்கே எப்போதும் டிராஃபிக் ஜாம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பனியன் வேஸ்ட்டுக்குப் பஞ்சம் வராது. ஒரு பை நிறைய வண்ணத் துண்டுகளைக் கூடத்தின் அந்தக் கோடியில் கொட்டி வைத்தேன். "செவப்பு கொண்டா." ஓடுவாள். "மஞ்ச கொண்டா." ஓடுவாள். ஒரு தடவைக்கு ஒரு துண்டுதான் என்பது சட்டம். எனக்கு வாய் மட்டும்தான் வேலை. பத்து துண்டு சேர்ந்தால் பொம்மைக்குப் படுக்கை. பழைய பருத்தி வேட்டியைப் பிறக்கப் போகும் குழந்தைக்காகக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தபோது, ஓரத்தைப் பிடித்து இழுக்கும் வேலையை அவளிடம் கொடுத்தேன். துணி கிழியும் சத்தத்துக்கு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

கீரை ஆய்வதை விட நல்ல விளையாட்டு இல்லை என்பது என் முடிவான கருத்து. முருங்கைக்கீரையைக் காம்போடு தட்டில் வைத்தால் பிள்ளையின் விரலுக்கு அரை மணி நேர வேலை. கறிவேப்பிலை உருவலாம், பட்டாணி உரிக்கலாம். கீரையோடு குச்சியும் விழும், பட்டாணி கட்டிலுக்கு அடியில் ஓடும். விட்டுவிடுங்கள். ஆனால் பட்டாணி, புளியங்கொட்டை, சோழி மூன்றும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தொண்டையில் சிக்கக்கூடியவை. கண் அசரும் நேரத்தில் அவை கையெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. பரணில் இருந்த பல்லாங்குழியை அதனால்தான் இறக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி விளையாட்டுக்கும் அதே பேச்சுதான். டம்ளரும் வடிகட்டியும் கொடுத்தால் ஒரு மணி நேரம் ஓடும், ஆனால் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே விழித்துக்கொண்டு உட்கார வேண்டும். தூக்கம் சொக்கும் நாளில் தண்ணீர் வேண்டாம்.

விளையாட்டும் ஆயிற்று, வைத்தியமும் ஆயிற்று என்று ஒன்று அமைந்தது. அசைவு எண்ணுவது. கடைசி மாதங்களில் சாப்பிட்டபின் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் பிள்ளை அசைவதை எண்ணச் சொல்லியிருந்தார் டாக்டர். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு தெரிய வேண்டும். தெரியாவிட்டாலும், வழக்கத்தை விடக் குறைந்துவிட்டது என்று தோன்றினாலும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நான் அவளிடம் துணி காயப்போடும் கிளிப் பத்து கொடுத்தேன். ஒவ்வொரு உதைக்கும் ஒரு கிளிப் டப்பாவில் விழும். பெரும்பாலான நாள் அரை மணியில் டப்பா நிறைந்துவிடும். "பாப்பா அப்பவே எந்திரிச்சிருச்சு" என்று அறிவிப்பாள். யாரோ அவள் இடத்தைப் பிடிக்க வருகிறார்கள் என்ற சந்தேகம், கிளிப் விழ விழக் கொஞ்சம் கரைந்ததாக எனக்குத் தோன்றியது. கடைசி மூன்று மாதத்தில் வெளிச்சத்தம் உள்ளே இருக்கும் குழந்தைக்குக் கேட்கும் என்று சொல்லி வைத்தேன். அவ்வளவுதான், படப்புத்தகத்தை எடுத்து வந்து வயிற்றைப் பார்த்துக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எழுத்து தெரியாது. பக்கம் தலைகீழ். கேட்கிறவருக்கும் ஆட்சேபணை இல்லை. வீட்டுப் புத்தகங்கள் தீர்ந்ததும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இருந்து இலவசத் தமிழ்க் கதைகளை நான் படித்துக் காட்டினேன்.

செல்போன் கொடுக்கவே இல்லை என்று எழுதினால் பொய். கொடுத்தேன். இரண்டு வயது முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டுதல். ராத்திரி முழுக்க நெஞ்செரிச்சலில் விழித்துக் கிடந்த மறுநாள்களில் அது ஒன்றரையானதும் உண்டு. குற்ற உணர்ச்சியோடு படுத்திருந்ததால் எனக்கு ஓய்வும் கிடைக்கவில்லை, அவளுக்கு அம்மாவும் கிடைக்கவில்லை. அதற்கு, "இருபது நிமிஷம் ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாம்" என்று பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டது மேல்.

தூக்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. "தூக்கு" என்று கையை நீட்டும் பிள்ளையிடம் "பாப்பாவுக்கு வலிக்கும்" என்று சொல்லாதீர்கள். பழி பிறக்காத குழந்தை மேல் விழும். நான் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "நீயே ஏறி வா" என்பேன். மணைப்பலகை மேல் கால் வைத்து ஏறி வருவாள். மடியில் இடம் குறைந்திருந்தது, பக்கவாட்டில் ஒட்டிக்கொள்வாள்.

இதெல்லாம் சோர்வு இருக்கும்போது செய்கிற காரியங்கள். தலையைப் பிளக்கும் வலி, பார்வை மங்கல், முகம் வீங்குவது, ரத்தம் படுவது, நீர் கசிவது என்று எது வந்தாலும் விளையாட்டை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வீட்டில் யாரும் இல்லையென்றால் 108.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு 2017 சட்டத் திருத்தம் முதல் இரண்டு பிரசவங்களுக்கும் 26 வார விடுப்பு தருகிறது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். சட்டம்கூட இரண்டாவது வயிற்றை முதல் வயிற்றுக்குச் சமமாகத்தான் பார்க்கிறது, வீடுதான் பார்ப்பதில்லை. என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி ஒன்பதுக்கு வருவார். நான் அழுததைப் பார்த்த பிறகு, கடைசி ஐந்து வாரம் ஒரு ஷிப்டோடு வந்தார். சம்பளத்தில் துண்டு விழுந்தது. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மகளைத் தெருமுனை மைதானத்துக்குக் கூட்டிப் போய் ஓடவிட்டார். அந்த ஒரு மணி நேரம் நான் தூங்கினேன்.

ஆகவே இந்தப் பக்கத்தைப் படிக்கிற அப்பாக்களே, தாத்தாக்களே, மாமன்மார்களே, எட்டாவது மாதத்தில் இருப்பவளுக்குப் பழம் வாங்கி வருவதோடு நிறுத்திவிடாதீர்கள். மூத்ததற்குச் செருப்பை மாட்டி வெளியே கூட்டிப் போங்கள், போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்துங்கள்.