வேலையை விட வேண்டியது எப்போதும் அவள்தானா?

போன வைகாசியில், எங்கள் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர் அன்று நடந்ததை எழுதுகிறேன். ஊரே தேர் பார்க்கப் போயிருக்க, என் தங்கை மட்டும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ராஜினாமா கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். "கையெழுத்துதான் பாக்கிக்கா" என்றாள்.

நான் பத்தாவதோடு நின்றவள். பிறந்த வீடு பாகூர். அப்பா விவசாயி. பெரியவள்தான் படிக்கவில்லை, சின்னவளாவது படிக்கட்டும் என்று ஒரு வருஷம் நெல் விற்ற காசையும், இன்னொரு வருஷம் பசுமாடு விற்ற காசையும் அவள் படிப்புக்குக் கட்டினார். அவள் வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து, 'நெட்' தேர்விலும் தேறினாள். வந்த மாப்பிள்ளையும் அதே பாடம். "ரெண்டு பேரும் காலேஜ் வாத்தியாருங்க, ஒரே நேரத்துல லீவு, உனக்கென்னடி குறைச்சல்!" என்று கல்யாணத்தில் எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

ஒரே பாடம் படித்தால் ஒரே வேலைக்குத்தான் இருவரும் மனு போட வேண்டும் என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. அரசுக் கல்லூரி வேலைக்கு அறிவிப்பு வந்தபோது இருவரும் போட்டார்கள். அவருக்குக் கிடைத்தது, இவளுக்குக் கிடைக்கவில்லை. "அவருக்குக் கிடைச்சா உனக்குக் கிடைச்ச மாதிரிதானே" என்று ஸ்வீட் கொடுத்தவர்கள் இவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவருக்குப் போட்ட இடம் ஏனாம். நம் புதுச்சேரி ஒரே இடத்திலா இருக்கிறது? காரைக்கால் 130 கிலோமீட்டருக்கு மேல். மாகே, கேரளக் கரையில். ஏனாம், ஆந்திராவில் காக்கிநாடா பக்கம், சுமார் 840 கிலோமீட்டர். அரசுக் கல்லூரி வேலை என்றால் இந்த நாலில் எங்கே போகச் சொன்னாலும் போக வேண்டும்.

தங்கைக்கு இங்கே ஒரு தனியார் கல்லூரியில் வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. கூடவே பி.எச்டி. பாதியில் நிற்கிறது. நாலு வயசில் ஒரு பெண் குழந்தை. வேலைக்குப் போன நேர்முகத்தில், "உங்க வீட்டுக்காரருக்கு வெளியூர் மாத்தல் ஆனா நீங்களும் கிளம்பிடுவீங்களே?" என்றுதான் முதலில் கேட்டார்களாம். அவரிடம் எந்த இடத்திலாவது, "உங்க மனைவிக்கு மாத்தல் ஆனா?" என்று கேட்டிருப்பார்களா?

"ஆளுக்கொரு ஊருல சம்பாரிச்சி என்னா பண்ணப் போறீங்க? வேலைய உட்டுட்டுப் புருஷனோட போ. அங்க வேற வேலை தேடிக்கலாம்" என்றார்கள் எல்லோரும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. தையல் தெரிந்தவள் எந்த ஊரிலும் தைக்கலாம். கல்லூரி ஆசிரியர் வேலை அப்படியில்லை. ஒரு கல்லூரியில் ஒரு பாடத்துக்கு ஒரு காலியிடம் வர எத்தனையோ வருஷம் ஆகும். நடுவில் நாலு வருஷம் வீட்டில் இருந்துவிட்டால், "இந்த வருஷங்களில் என்ன ஆராய்ச்சி செய்தீர்கள், என்ன கட்டுரை எழுதினீர்கள்?" என்று கேட்பார்கள். குழந்தைக்குப் பால் காய்ச்சினேன் என்றால் மார்க் போடுவார்களா?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். நோபல் பரிசு வாங்கிய நம் சந்திரசேகரின் மனைவி லலிதாவும் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். பெங்களூரில் சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சிக்குப் போனவர். 1936இல் கல்யாணம் ஆனதோடு அந்த ஆராய்ச்சி நின்றது. அமெரிக்காவில் மரியா மேயர் என்ற அம்மாவுக்கு, கணவர் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் என்பதால் ஒழுங்கான சம்பள வேலையே கொடுக்கவில்லை. முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது 1960இல்தான். மூன்றே வருஷத்தில், 1963இல், நோபல் பரிசு வாங்கினார்!

மனசு இருந்தால் வழியும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராஜேஸ்வரி சாட்டர்ஜி, கணவர் சிசிர் குமார் சாட்டர்ஜி இருவருமே வேலை பார்த்தார்கள். மைக்ரோவேவ் ஆராய்ச்சியைச் சேர்ந்தே வளர்த்தார்கள்.

சட்டமும் கொஞ்சம் துணைக்கு இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் அரசு வேலையில் இருந்தால் ஒரே ஊரில் போட வேண்டும் என்று மத்திய அரசு 1986இலேயே சொன்னது. 2009இல் அதை இன்னும் அழுத்திச் சொன்னது. ஆனால் 'பணியிடம் இருந்தால்' என்று ஒரு வார்த்தை உண்டு. என் தங்கையைப் போல ஒருவர் தனியாரில் இருந்தால் அந்த உத்தரவால் பலனில்லை. அவளுக்குக் கைகொடுத்தது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. பி.எச்டி. செய்கிற பெண்களுக்குக் கூடுதலாக 2 வருஷ அவகாசம், பிரசவம், குழந்தை வளர்ப்புக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. கல்யாணத்தாலோ வேறு காரணத்தாலோ ஊர் மாறினால், செய்த ஆராய்ச்சியை வேறு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகவும் சில நிபந்தனைகளோடு இடம் உண்டு. படித்தவளுக்கே இது தெரியவில்லை. தேருக்கு அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.

அன்றைக்கு நான் அந்தக் கடிதத்தை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன். "ஒரு வருஷம் பொறுடி. பாப்பாவை நான் பார்த்துக்கறேன்" என்றேன். "ரெண்டோட மூணா வளரட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். ராத்திரி தங்கை கணவர் போனில் பேசினார். "அக்கா, நான் அவளை வேலையை விடுன்னு சொல்லல. விடாதேன்னும் சொல்லல. அதுதான் என் தப்பு" என்றார்.

சுலபமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் குழந்தை, பெற்றவளையே "பெரியம்மா" என்று கூப்பிட்டுவிட்டாள். தங்கை கொல்லைப்பக்கம் போய் அழுதாள். எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் இந்தத் தை மாதம் ஆராய்ச்சி ஏட்டைச் சமர்ப்பித்துவிட்டாள். நிரந்தர வேலை இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தால், இந்த முறை மாறுதல் கேட்டு மனு போடப் போவது அவர்தான். அவரே சொல்லிவிட்டார்.

படித்த பெண்ணுக்குப் படித்த மாப்பிள்ளை தேடும் தாய்மார்களே! ஜாதகம் பார்க்கும்போதே, "ரெண்டு பேருக்கும் ரெண்டு ஊரில் வேலை வந்தால் என்ன செய்வீங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இருவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். வேலையை விடுவது என்று முடிவானாலும், அது இருவரும் பேசி எடுத்த முடிவாக இருக்கட்டும்.

அந்தக் கடிதம் இன்னும் என் அரிசிப் பானையில்தான் இருக்கிறது. நிரந்தர வேலை உத்தரவு வருகிற அன்றைக்குக் கிழித்துப் போடுவேன்.

– ஒரு வாசகி, வில்லியனூர்.